1965, 1966 மஸ்டாங் உடலை விறைப்பாக்குவது: துரு பார்ப்பதிலிருந்து கடைசி போல்ட் வரை

ஒரு 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பேயின் முன்மூலை ஒன்றில் மட்டும் ஜாக் வைத்துத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் அந்தப் பக்கத்துக் கதவின் இடைவெளி மாறியிருக்கும். கதவைத் திறந்துவிட்டு மறுபடி மூடினால் பூட்டு இடிக்கும். வயதானதால் மட்டும் வந்த கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வண்டிக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. மடித்த தகடுகளைப் புள்ளி வெல்டால் ஒட்டிய கூடுதான் சட்டம். முன்பக்க நீளச்சட்டங்கள் எஞ்சினைத் தாண்டி வந்து முன் இருக்கைப் பகுதியில் தரைத்தகட்டுக்கு அடியிலேயே முடிந்துவிடும். பின்பக்கச் சட்டங்கள் பின் இருக்கையை ஒட்டித்தான் தொடங்கும். நடுவில் இருப்பவை தரைத்தகடு, கியர்பாக்ஸுக்கான மேடு, கதவுக்கடியில் ஓடும் ராக்கர் பெட்டி. அவ்வளவுதான்.

அந்த நடுப்பகுதிக்கு இரும்பு சேர்ப்பதும், முன்னால் ஷாக் டவர்களை, அதாவது முன்சக்கர ஸ்பிரிங்குகளைத் தாங்கும் தகட்டுக் கோபுரங்களை, கட்டிப்போடுவதும்தான் இந்த வேலை. பாகங்கள் வந்த அன்றே வெல்டரை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விறைப்பாக்கும் பாகம் எதுவும் வண்டியை நேராக்காது. வெல்டு வைக்கும் நொடியில் வண்டி எந்த வடிவில் நிற்கிறதோ அந்த வடிவைப் பூட்டிவிடும். கோணலாக நின்றால் கோணலைப் பூட்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்ததுதான்.

1. எந்த வண்டி என்று உறுதி செய்யுங்கள்

இங்கே சொல்வது 1965, 1966 கூப்பேக்கும் ஃபாஸ்ட்பேக்கிற்கும். கன்வர்ட்டிபிளில் கூரை இல்லாததால் ஃபோர்டு நிறுவனமே அடிப்பகுதியில் கூடுதல் தகடுகளும், தடிமனான உள் ராக்கரும், முன்னால் இரு பக்கமும் டார்க் பாக்ஸும் (முறுக்கைத் தாங்கும் தகட்டுப் பெட்டி, விவரம் எண் 3-இல்) வைத்திருக்கிறது. கூப்பேக்கான சப்ஃபிரேம் கனெக்டர், அதாவது முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைக்கும் நீளக்குழாய், அங்கே அப்படியே உட்காராது. கன்வர்ட்டிபிளுக்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

மற்ற வண்டிக்காரர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். 1967–69 கமாரோவில் முன்பக்கச் சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் தனிச் சட்டம்) போல்ட் போட்டு, இடையில் ரப்பர் மெத்தைகள் வைத்துப் பொருத்தப்பட்டது. அங்கே முதல் வேலை அந்த ரப்பரைப் பார்ப்பது. ஷெவெல் போன்றவற்றுக்குத் தனி அடிச்சட்டமே உண்டு. அது வேறு கதை.

2. துருவைத் தேடுங்கள், நம்பிக்கையில்லாமல்

வெல்டு பிடிக்க இரும்பு வேண்டும். பெயின்டும் சீலரும் சேர்ந்து இரும்புபோல நடிக்கும். ஒரு பழைய ஸ்குரூடிரைவரும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மொத்தென்று சத்தமிடும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்துங்கள். உள்ளே போனால், அது இப்போது தெரிந்தது நல்லது.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை: முன் தரைத்தகட்டில் கால் வைக்கும் பகுதி, டார்க் பாக்ஸ், ராக்கரின் அடிவிளிம்பு, பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட் போகும் சட்டப்பகுதி, பேட்டரிக்கு அடியில் அமிலம் வடிந்த தகடு. ஷாக் டவரின் அடிப்பகுதியையும், மேல் கன்ட்ரோல் ஆர்ம் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் மேல்கை) போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள பகுதியையும் வயர் பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் தேடுங்கள். இந்த வண்டியில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்து டவரின் மண்டையைத்தான் தாங்குகிறது. ஐம்பது அறுபது ஆண்டு இடியெல்லாம் அந்தத் தகட்டில் பதிந்திருக்கும்.

எல்லாரும் மறக்கும் இடம் கௌல், அதாவது முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் கிராதியை உடைய பெட்டி. ஒரு குவளைத் தண்ணீரை அந்தக் கிராதியில் மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் ஒருவர் டார்ச் விளக்கோடு படுத்திருக்கட்டும். சொட்டினால் கௌலுக்குள் ஓட்டை என்று பொருள். ஷாக் டவர்களைக் கௌலோடு கட்டும் எக்ஸ்போர்ட் பிரேஸின் பின்முனை இந்தக் கௌல் சுவரில்தான் பிடிக்கிறது. அழுகிய சுவரில் எவ்வளவு உறுதியான சட்டத்தைக் கட்டினாலும் அது எதையும் தாங்காது.

துரு இருந்தால் தகட்டை மாற்றிவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்கு வர வேண்டும். கனெக்டர் போட்ட பிறகு தரைத்தகட்டை மாற்றுவது இரட்டை வேலை. போட்ட கனெக்டரை அறுத்தெடுக்க நேரும்.

3. எதை வாங்குவது

காசு குறைவாக இருந்தால் இந்த வரிசையில் வாங்குங்கள்: டார்க் பாக்ஸ் இல்லாத பக்கத்துக்கு டார்க் பாக்ஸ், பிறகு சப்ஃபிரேம் கனெக்டர், பிறகு எக்ஸ்போர்ட் பிரேஸ், எஞ்சினுக்கு அடியில் போகும் குறுக்குச்சட்டம், கடைசியில் இரண்டு ஷாக் டவர்களுக்கும் குறுக்கே போகும் மாண்டி கார்லோ பார். பலரும் தலைகீழாகத்தான் வாங்குகிறார்கள். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது அந்தப் பார்தான். டார்க் பாக்ஸை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டார்க் பாக்ஸ் என்பது முன்சட்டத்தின் பின்பகுதியையும் உள் ராக்கரையும் குறுக்காக இணைக்கும் தகட்டுப் பெட்டி. முன்சட்டம் முறுக்கும் விசையை ராக்கருக்குக் கடத்துவது இதன் வேலை. இது இல்லாவிட்டால் கனெக்டர் மட்டும் தனியாக இழுபட்டுக்கொண்டிருக்கும்.

கனெக்டரில் மூன்று வகை உண்டு. போல்ட் போடுவது, தரைக்கு அடியில் வெல்டு செய்வது, தரைத்தகட்டை நீளமாக அறுத்து அதற்குள் பாதி புதைத்து வெல்டு செய்வது. மூன்றாவதுதான் மிகவும் விறைப்பானது, ஏனெனில் குழாயின் இருபுறமும் தரைத்தகட்டோடு முழு நீளத்துக்கும் இணைகிறது. ஆனால் முதல் முறை செய்பவர் தரையை அறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அறுத்த பின் அளவு தவறினால் திரும்பிப் போக வழியில்லை. அடியில் வெல்டு செய்யும் வகையில், மேல்விளிம்பு தரைத்தகட்டின் மேடுபள்ளத்தைப் பின்பற்றி வெட்டப்பட்டதாகக் கிடைத்தால் அதை எடுங்கள். வழியெங்கும் தரையோடு தையல் போட முடியும். இரண்டு முனைகளில் மட்டும் பிடிக்கும் நேர்க்குழாயைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நீங்களே செய்வதானால் 2 அங்குலத்துக்கு 3 அங்குலச் செவ்வகக் குழாய் பொதுவான அளவு. 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கட்டும். வளைவை எதிர்ப்பதில் உயரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சுவர்த் தடிமனை இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், எடையும் இரண்டு மடங்காகும். 2 முதல் 3 மி.மீ. சுவர் போதும். அதற்கு மேல் போனால், மெல்லிய தரைத்தகட்டோடு வெல்டு செய்யும்போது தகடு உருகி ஓடும், குழாய் சூடே ஏறாமல் கிடக்கும்.

போல்ட் வகையைக் கேவலமாகப் பேச மாட்டேன். வண்டியின் அசல் நிலையைக் கெடுக்க விரும்பாதவர்களுக்கு அது சரி. ஆனால் சட்டம் உள்ளீடற்ற பெட்டி. அதன் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கினால் பெட்டி நசுங்கும், இறுக்கம் நிற்காது. போல்ட் போகும் ஒவ்வொரு துளையிலும் உள்ளே ஒரு குழாய்த்துண்டை வைத்து, அது இரண்டு சுவர்களுக்கும் முட்டுக்கொடுக்கும்படி செய்ய வேண்டும். போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள் இருந்தால் அது கிரேடு 8, மூன்று இருந்தால் கிரேடு 5. கோடே இல்லாததைத் தொடாதீர்கள்.

4. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மிக் வெல்டர், 0.8 மி.மீ. கம்பி, 75% ஆர்கானும் 25% கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. கிரைண்டர், வயர் பிரஷ் சக்கரம், குறைந்தது ஆறு கிளாம்புகள், தூக்குக்குண்டு, ரசமட்டம், இழுப்பு நாடா, மாஸ்கிங் டேப். துத்தநாகம் கலந்த, வெல்டிங்கைத் தாங்கும் பிரைமர். இரண்டு தீயணைப்பான்கள்: ஒன்று வண்டிக்கு வெளியே, ஒன்று உள்ளே. கூடவே ஒரு மனிதர். தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். அடியில் வெல்டு வைப்பவருக்கு மேலே என்ன எரிகிறது என்று தெரியாது.

இருக்கைகள், கார்பெட், அதற்கடியிலுள்ள சணல் மெத்தை எல்லாம் வெளியே வர வேண்டும். சுருட்டி ஓரமாக ஒதுக்கினால் போதாது. எனக்குத் தெரிந்த ஒருவர் கார்பெட்டைப் பின்பக்கமாக மடித்துப் போட்டுவிட்டு வேலை செய்தார். வெல்டு வைத்த இடத்திலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால், ஒரு பழைய துளை வழியாகப் போன பொறி சணலுக்குள் உட்கார்ந்துகொண்டது. தீப்பிழம்பு எதுவும் இல்லை. இருபது நிமிடம் கழித்து, டீ குடிக்கும்போது, புகை வந்தது.

பெட்ரோல் டேங்க் இன்னும் முக்கியம். இந்த வண்டியில் டேங்கின் மேற்பகுதிதான் டிக்கியின் தரை. இடையில் தகடு எதுவும் கிடையாது. டேங்கைக் காலி செய்து, கழற்றி, வேலை நடக்கும் கட்டடத்துக்கே வெளியே வையுங்கள். பெட்ரோல் குழாய் அடிப்பகுதியில் நீளமாக ஓடுகிறது. பின் பிரேக் குழாயும் கைப்பிரேக் கம்பியும் அப்படியே. இவற்றைக் கழற்றுங்கள் அல்லது தள்ளிக் கட்டுங்கள். பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

5. அளவெடுத்து எழுதி வையுங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள் பிற்பாடு என்ன கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவார்கள். நான்கு சக்கரமும் சமதளத்தில் நிற்கும்போது இரண்டு கதவுகளின் இடைவெளியையும் முன், பின், மேல், கீழ் என்று நான்கு இடங்களில் அளந்து, கதவின் மீதே டேப் ஒட்டி அதில் எழுதுங்கள். முன்மூலையை ஜாக்கில் தூக்கும்போது வரும் இடைவெளியையும், தூக்கிய உயரத்தையும் கூடவே எழுதுங்கள்; கடைசியில் ஒப்பிட வேண்டும். நோட்டில் எழுதினால் வேலை நடுவே நோட்டைத் தேட மாட்டீர்கள்.

அடுத்து, அடிப்பகுதியில் குறுக்களவு. முன்சட்டத்தில் இடப்பக்க அசல் துளை ஒன்றிலிருந்து பின்சட்டத்தில் வலப்பக்கத் துளை ஒன்றுக்கும், பிறகு மாற்றியும் அளக்க வேண்டும். தூக்குக்குண்டைத் துளையிலிருந்து தொங்கவிட்டுத் தரையில் குறி போட்டு, தரையில் அளப்பதே எளிது. அடியில் எஞ்சின், எக்ஸாஸ்ட் எல்லாம் குறுக்கிடும். இரண்டு குறுக்களவும் சில மி.மீ.க்குள் ஒத்துப்போனால் நல்லது. ஒரு விரல் தடிமன் அளவு வித்தியாசம் வந்தால் வண்டி எப்போதோ மோதியிருக்கிறது. உடலை இழுத்து நேராக்கும் பெஞ்ச் உள்ள இடத்துக்கு முதலில் அனுப்புங்கள்.

ஷாக் டவர்களுக்கு இடையிலான தூரத்தையும் இப்போதே, பழைய பிரேஸ்களைக் கழற்றும் முன்பே எழுதுங்கள். பட்டறைக் கையேட்டிலுள்ள அளவை அதற்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

6. வண்டியை நிறுத்துவது

மொத்த வேலையும் இங்கேதான் வெல்லும் அல்லது தோற்கும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெல்டு வைக்கும்போது வண்டியின் எடை சக்கரங்கள் வழியாகவே இறங்க வேண்டும். ஏன்? ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் வைத்தால், எஞ்சின் ஸ்டாண்டுக்கு முன்னாலும், பின் அச்சு ஸ்டாண்டுக்குப் பின்னாலும் தொங்கும். நடுப்பகுதி மேல்நோக்கி வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் கனெக்டரை வெல்டு செய்தபின் வண்டியைத் தரையில் இறக்கினால் அந்த வளைவு போகாது. ஒருவர் இப்படித்தான் நான்கு ஸ்டாண்டுகளைச் சட்டத்தில் வைத்து இரண்டு நாள் அழகாக வெல்டு செய்தார். இறக்கிய பின் ஓட்டுநர் பக்கக் கதவு பூட்டுக்கு மேலே 5 மி.மீ. நின்றது. கீல்களைச் சரிசெய்து ஒரு வாரம் பார்த்தார். கடைசியில் ஒரு பக்கக் கனெக்டரை முழுவதுமாகக் கிரைண்டரால் அறுத்தெடுத்தோம். போடுவதற்கு ஆனதைவிட எடுப்பதற்கு ஆன நேரம் அதிகம்.

சிறந்தது, சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் நான்கு தூண் லிஃப்ட். அது இல்லாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே உயரத்தில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆணியடித்து மேடை செய்யுங்கள். அதுவும் முடியாவிட்டால், பின்னால் அச்சுக் குழாய்க்கு அடியிலும் முன்னால் கீழ் ஆர்மில் பால் ஜாயின்டுக்கு அருகிலும் ஸ்டாண்டு வைக்கலாம். இரண்டு தூண் லிஃப்ட் இந்த வேலைக்கு ஆகாது. ஹாலோ பிளாக் கல்லை எதற்கும் அடியில் வைக்காதீர்கள். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இறக்கியதும் வண்டி தன் இயல்பு உயரத்துக்கு உடனே வராது. முன்சக்கரங்கள் உள்வாங்கிய நிலையில் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் அடியில் இரண்டு தகடுகளை, நடுவே கிரீஸ் தடவி வையுங்கள். பிறகு பம்பரை நாலைந்து முறை அழுத்தி விட்டால் சக்கரம் வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்கு வரும்.

எடையும் உண்மையானதாக இருக்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருக்கட்டும். எஞ்சினை இறக்கிய கூட்டில் கனெக்டர் போடுவது வசதிதான், ஆனால் அந்த வடிவம் பொய். கழற்றிய டேங்குக்குப் பதிலாக டிக்கியின் திறப்பில் ஒரு வலுவான பலகையை வைத்து மணல் மூட்டை போடுங்கள். இந்த டேங்க் 16 கேலன் பிடிக்கும், கிட்டத்தட்ட 60 லிட்டர். பாதி டேங்க் கணக்குக்கு 22 கிலோ போதும். முன் இருக்கைகள் இருந்த இடத்தில் மூட்டை வைத்தால் வெல்டு வைக்க இடைஞ்சல். அதை விட்டுவிடுகிறேன், பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

இப்போது ரசமட்டத்தை இரண்டு ராக்கர்களுக்கும் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வைத்து அதன்மேல் பாருங்கள். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. குமிழி இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது நடுவில் நிற்கிறதா என்பது இரண்டாம் பட்சம்; முன்னும் பின்னும் ஒத்துப்போனால் முறுக்கு இல்லை. கதவு டேப்பிலுள்ள எண்களோடு இடைவெளிகளை மறுபடி ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் வெல்டரைத் தொடாதீர்கள்.

7. டார்க் பாக்ஸ்

முன்சட்டத்துக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள அடிப்பூச்சை முழுவதும் சுரண்டி எடுங்கள். பூச்சின் மேல் வெல்டு பிடிக்காது. பிடித்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே நுரைத்திருக்கும். பெட்டியை வைத்துப் பார்த்து, விளிம்பு எங்கே தொடுகிறது என்று குறித்து, விளிம்பில் 8 மி.மீ. துளைகளைப் போட்டு அவற்றின் வழியாகப் பிளக் வெல்டு செய்வது சுத்தமான முறை. துளைகளுக்கு இடையே 30 முதல் 40 மி.மீ. விடுங்கள்.

அடிப்பகுதித் தகடுகள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே துத்தநாகப் பூச்சு உண்டு. அது எரியும்போது வரும் வெண்புகையைச் சுவாசித்தால் அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, முகமூடியோடு வேலை செய்யுங்கள்.

8. கனெக்டரைப் பொருத்திப் பார்ப்பது

வெல்டு வைக்கும் முன் இரண்டு பக்கக் கனெக்டரையும் கிளாம்பில் பிடித்து முழுதாக நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் திறப்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது பொருந்தாதபோது முதலாவதை ஒன்றும் செய்ய முடியாது.

இந்த நேரத்தில் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. முன் இருக்கையின் திருகுத் தண்டுகள் தரைத்தகட்டைத் துளைத்து இறங்கும். அவற்றின் நட் அடியிலிருந்துதான் போட வேண்டும். கனெக்டர் அந்தத் துளையை மூடினால் இருக்கையைத் திரும்பப் பொருத்தவே முடியாது. பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட்டை உருவி எடுக்க இடம் இருக்கிறதா? கைப்பிரேக் கம்பி உரசாமல் போகிறதா? எக்ஸாஸ்ட் குழாயை ஒருமுறை தூக்கி அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும், ஏனெனில் எஞ்சின் ஆடும்போது குழாயும் ஆடும்.

குழாயின் முனை சட்டத்தோடு சேரும் இடத்தில் 2 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் குழாயை அரைத்துப் பொருத்துங்கள். சந்தை வெல்டால் நிரப்புவது சோம்பேறித்தனம். அது ஆறும்போது சுருங்கிச் சட்டத்தை இழுக்கும்.

9. வெல்டு வைப்பது

முதலில் அதே தடிமனுள்ள பழைய தகட்டில் பழகுங்கள். ஒரு துண்டுக் குழாயில் மெல்லிய தகட்டை வைத்து வெல்டு செய்து, சுத்தியலால் அடித்துப் பிரித்துப் பாருங்கள். வெல்டு விடுபடாமல் தகடே கிழிந்தால் அமைப்பு சரி. வெல்டு தனியாக உரிந்து வந்தால் வெப்பம் போதவில்லை.

எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் சட்டத்திலேயே, அருகில் போடுங்கள். அச்சிலோ சக்கரத்திலோ போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும், பேரிங் கெடும்.

முதலில் நான்கு முனைகளிலும் சிறு டாக் வெல்டு. பிறகு கிளாம்புகளை எடுத்துவிட்டு, கதவு இடைவெளிகளை மறுபடி அளங்கள். டாக் நிலையில் தவறு தெரிந்தால் ஒரு நிமிடத்தில் அறுத்துவிடலாம்.

அதன்பின் ஏறக்குறைய 25 மி.மீ. நீளத் தையல்களாக, இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்: இடப்பக்கம் முன்னால், வலப்பக்கம் பின்னால், இடப்பக்கம் பின்னால், வலப்பக்கம் முன்னால். வெல்டு ஆறும்போது சுருங்கும். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்தால் சுருக்கம் முழுவதும் ஒரே பக்கமாக இழுத்து, வாழைப்பழம் போல வளைத்துவிடும். தையலை விரலால் தொட முடியும் அளவுக்கு ஆறும்வரை அதற்குப் பக்கத்தில் அடுத்ததைப் போடாதீர்கள். சூட்டைத் தடிமனான குழாயின் பக்கம் சாய்த்து, தகட்டின் பக்கம் லேசாகத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள்.

முன்சட்டத்தின் குறுக்கே, அடிப்பக்கம் முழுவதும் ஒரே கோடாக வெல்டு வைக்க வேண்டாம். அந்தக் கோட்டின் ஓரம்தான் பின்னாளில் விரிசலுக்கு வழி காட்டும். நீளவாக்கில் ஓடும் தையல்களும், முனையை மீன்வாய் வடிவில் வெட்டிப் போடும் சாய்வுத் தையலும் விசையைப் பரப்பிவிடும்.

முடித்த பிறகு அரை மணி நேரம் வண்டியருகிலேயே இருங்கள்.

10. முன்பக்கம்: கீழிருந்து மேலே

எக்ஸ்போர்ட் பிரேஸும் மாண்டி கார்லோ பாரும் மஸ்டாங்கை வைத்துச் செய்த 1965 ஷெல்பி ஜி.டி.350 வண்டியிலேயே இருந்தவைதான். போல்ட் போட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கே.

டவரில் விரிசல் இருந்து தகடு வைத்து வெல்டு செய்ய வேண்டுமானால், மேல் ஆர்மின் துளைகளை 1 அங்குலம் கீழே இறக்கும் எண்ணம் இருந்தால், அந்த வேலைகள் முதலில். காயில் ஸ்பிரிங்கைக் கழற்ற இந்த வண்டிக்கான கம்ப்ரஸரைத்தான் பயன்படுத்த வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பை முறிக்கும். இதில் சமாளிப்பு வேண்டாம்.

அடுத்து எஞ்சினுக்கு அடியிலுள்ள குறுக்குச்சட்டம். கீழ் ஆர்ம்கள் பிடிக்கும் இரு பக்கங்களையும் இணைப்பது இது. அசலானது மெல்லிய மடித்த தகடு. குழாயால் செய்தது கிடைக்கிறது. சக்கரங்கள் எடையோடு நிற்கும்போது மாற்றினால் துளைகள் நேராக வரும். ஜாக்கில் தொங்கும்போது மாற்றினால் வராது, வராததைச் சுத்தியலால் வரவழைப்பார்கள்.

பிறகுதான் எக்ஸ்போர்ட் பிரேஸ். டவரிலிருந்து கௌலுக்குப் போகும் இரண்டு தனித்தனிப் பிரேஸ்களுக்குப் பதிலாக ஒரே துண்டாக வரும் இது. பழைய வண்டிகளில் டவர்கள் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது வழக்கம். அதனால் புதிய பிரேஸ் அகலமாக இருப்பதுபோலத் தெரியும். ஓர் இளைஞர் கொண்டுவந்த வண்டியில் 6 மி.மீ. வித்தியாசம் இருந்தது. அவர் பிரேஸின் துளைகளை வட்ட அரத்தால் முட்டை வடிவத்துக்கு ராவி, போல்ட்டுகளை மாட்டிவிட்டார். மூன்று வாரத்தில் மேடுபள்ளத்தில் எல்லாம் கிறீச்சென்று சத்தம். திறந்து பார்த்தால் வாஷர் அடியில் பெயின்ட் பளபளவென்று தேய்ந்திருந்தது. பிரேஸ் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டிருந்தது. அவர் சரிசெய்தது பிரேஸை. சரிசெய்ய வேண்டியிருந்தது டவரை.

டவர்களைத் தள்ள, ஹோஸ் இணைத்த ஹைட்ராலிக் தள்ளி அல்லது திருகு ஜாக் வேண்டும். சாதாரணப் பாட்டில் ஜாக்குகள் பல படுக்கவைத்தால் சரியாக இயங்காது. இரண்டு முனையிலும் மரத்துண்டு வைத்து, போல்ட் பிடிக்கும் மேல்விளிம்புக்கு அருகிலேயே முட்டுக் கொடுங்கள். தகட்டின் நடுவில் முட்டினால் குழி விழும். கையேட்டு அளவைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாகத் தள்ளி, தளர்த்தி, அளந்து, மறுபடி தள்ளுங்கள். தகடு கொஞ்சம் திரும்பி வரும். அளவு நின்றதும், ஜாக்கை எடுக்காமலே பிரேஸை வைத்து எல்லா போல்ட்டுகளையும் கையால் மாட்டி, கௌல் பக்கத்தை முதலில் இறுக்கி, பிறகு டவர்களை இறுக்குங்கள்.

மாண்டி கார்லோ பார் கடைசி. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்பக்கம் இருப்பதால் 289 கன அங்குல எஞ்சினில் இடம் நெருக்கம். ஏர் கிளீனர் பெரியதாக இருந்தால் வளைந்த பார், சாதாரணமானதென்றால் நேரான பார். நேரானது சற்று நல்லது, தள்ளும் விசையில் வளைவு இன்னும் வளையவே பார்க்கும். நீளம் மாற்றும் திருகு உள்ள பார் வாங்கியவர்கள் அதை ஜாக்காகப் பயன்படுத்த வேண்டாம். போல்ட் இரண்டு விரலால் தள்ளினால் நுழையும் நீளத்துக்குத் திருகி, அங்கே பூட்டு நட்டை இறுக்குங்கள்.

11. துருவுக்கு எதிரான வேலை

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வெல்டு வைத்த இடமெல்லாம் பூச்சு எரிந்து பச்சை இரும்பாக இருக்கிறது. நீங்கள் பார்க்கும் பக்கம் மட்டுமல்ல, பெட்டிக்கு உள்பக்கமும். வெளியே பிரைமர், தையல்களுக்கு இடையே சீலர், அதன்மேல் அடிப்பூச்சு. உள்ளே நீண்ட குழாய் மூலம் மெழுகுக் கரைசல் அடியுங்கள். கனெக்டரின் தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் துளை இருக்கட்டும். மெழுகு அடிப்பது எல்லா வெல்டும் முடிந்த பிறகே, அது எரியும்.

12. சாலைக்கு எடுக்கும் முன்

டேங்க், குழாய்கள், பிரேக், இருக்கைகள் எல்லாம் திரும்ப வந்ததும் பிரேக்கில் காற்று எடுத்துவிட்டு, எஞ்சினை ஓட்டி பெட்ரோல் கசிவைத் தேடுங்கள். டவர்களைத் தள்ளியிருப்பதால் சக்கரச் சாய்வு கட்டாயம் மாறியிருக்கும். அலைன்மென்ட் செய்யாமல் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். அலைன்மென்ட் செய்பவரிடம் முன்பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். அப்போதுதான் பழைய ஷிம்களை (சாய்வைச் சரிசெய்ய இடையில் வைக்கும் மெல்லிய தகடுகள்) அப்படியே நம்பாமல் புதிதாகக் கணக்குப் போடுவார்.

முதல் 150 கிலோமீட்டருக்குப் பிறகு, எஞ்சின் ஆறிய நிலையில், எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எக்ஸ்போர்ட் பிரேஸின் போல்ட்டுகளுக்கு அடியில் பெயின்ட் நசுங்குவதால் அவை சிறிது தளரும். இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை சாவியே வேண்டாம். கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கதவில் ஒட்டிய டேப்பை இன்னும் பிய்க்காதீர்கள். முன்மூலையில் ஜாக்கை வைத்து, முதல் நாள் தூக்கிய அதே உயரத்துக்குத் தூக்கி, இடைவெளியை அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாற்றம் பழையபடியே இருந்தால் ஏதோ ஒரு தையல் பிடிக்கவில்லை. டார்க் பாக்ஸிலிருந்து தேடத் தொடங்குங்கள்.